நாலு இஞ்ச்

தும்மல் ஒன்று வந்துகொண்டிருந்தது.

கட்டிலில் மல்லாந்து கிடந்த மாஸ்டருக்கு அது தூரத்தில் வரும்போதே தெரிந்துவிட்டது. மூக்கைப் பிடித்தார். வாயை இறுக மூடினார். கவனத்தை வேறு பக்கம் திருப்ப மின்விசிறியின் இறக்கைகளை எண்ணினார். மூன்றுதான் இருந்தன. அதற்கு மேல் எண்ண ஒன்றும் இல்லாததால் தும்மல் வந்துவிட்டது.

தும்மலைவிட அதன் பின்னால் வந்த அலறல் பெரிது. சமையலறையிலிருந்து அவர் மனைவி கரண்டியோடு ஓடிவந்தாள்.

"என்னங்க, என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்ல. தும்முனேன்."

"தும்முனா இப்படியா கத்துவாங்க?"

"இடுப்புப் பிடிப்புன்னு சொன்னேன்ல. தும்முனா சுண்டி இழுக்குது."

"இடுப்புப் பிடிப்பு பின்னாடில இருக்கும்? நீங்க வயித்தைப் பிடிச்சுக்கிட்டு இருக்கீங்க?"

மாஸ்டர் அவசரமாகக் கையை முதுகுப்பக்கம் கொண்டுபோனார். அந்தத் திருப்பலுக்குத் தனியாக இன்னொரு அலறல் தேவைப்பட்டது.

இடுப்புப் பிடிப்பு என்பது பச்சைப் பொய். மாஸ்டர் யாருக்கும் தெரியாமல் வயிற்றுக் கொழுப்பை உறிஞ்சி எடுக்கும் ஆபரேஷன் செய்துகொண்டு வந்து மூன்று நாள் ஆகியிருந்தது. காரணம் ஒரு கோட்டு.

கோட்டு வெட்டுவதில் மாஸ்டர் பெரிய கை. இருபத்திரண்டு வருடங்களுக்கு முன் தையல்காரர் சங்கம் நடத்திய போட்டியில், தன் உடம்புக்குத் தானே வெட்டித் தைத்த கருநீலக் கோட்டுக்கு முதல் பரிசு வாங்கினார். வாழ்க்கையில் அவர் வாங்கிய ஒரே பரிசு அதுதான். அந்தக் கோட்டு அலமாரியில் உறைக்குள் தொங்கியது. வீட்டில் மனைவியோ மகனோ யாரும் அதைத் தொடக்கூடாது. வருடத்துக்கு ஒருமுறை, பரிசு வாங்கிய தேதியில், அதைப் போட்டு நடுப் பொத்தானை மாட்டிக் கண்ணாடி முன் ஒரு நிமிடம் நிற்பார். பரிசு வாங்கிய நாளிலேயே அவருக்குத் தொப்பை உண்டு. கோட்டு அந்தத் தொப்பையையும் மதித்து வெட்டப்பட்டது. வருடா வருடம் பொத்தான் மறுபேச்சில்லாமல் மாட்டிக்கொண்டது.

இந்த வருடம் மாட்டவில்லை.

அதுவும் எந்த நேரத்தில்! சங்கத்தின் வெள்ளி விழாவுக்கு இரண்டே மாதம் இருந்தது. பழைய பரிசுக்காரர்கள் எல்லாரும் தங்கள் பரிசு உடையை அணிந்து மேடையேற வேண்டும் என்று கடிதம் வந்திருந்தது. மாஸ்டரின் தையல் கடைக்கு எதிரே ரெடிமேட் கடை வைத்திருப்பவர்தான் விழாக் குழுத் தலைவர். முதல் வரிசையில் உட்காருவார். பொத்தான் மாட்டாத கோட்டோடு தான் மேடையேறுவதையும், அதைப் பார்த்து அந்த மனிதர் பக்கத்து ஆளின் காதில் ஏதோ சொல்வதையும் மாஸ்டர் நினைத்துப் பார்த்தார். அவமானத்தில் அவருக்குக் காது சுட்டது.

மனைவி வெளியே போன நேரம் கதவைத் தாழிட்டுக்கொண்டு மறுபடி போட்டுப் பார்த்தார். மூச்சை இழுத்துப் பிடித்தும் பொத்தானுக்கும் காஜாத் துளைக்கும் நடுவே முழுசாக நாலு இஞ்ச். கோட்டைக் கழற்றி உள்பக்கம் திருப்பினார். பக்கத் தையல் பிசிறில்லாமல் ஓடியது.

"என்ன கை! நேத்துப் போட்ட தையல் மாதிரி இருக்கே!" என்று தன் கையைத் தானே மெச்சிக்கொண்டார். கோட்டில் குற்றமில்லை. அப்படியென்றால் குற்றம் உடம்பில்.

"நான் குண்டாயிட்டேனா?" என்று மனைவியிடம் சும்மா கேட்பதுபோலக் கேட்டார்.

"கல்யாணத்தன்னைக்கு எப்படி இருந்தீங்களோ அப்படியேதான் இருக்கீங்க."

அது பாசத்தில் சொல்வது, கணக்கில் சேராது என்று தள்ளிவிட்டார். கடையில் காஜாவிடம் கேட்டார். காஜா என்பது பதினைந்து வருடமாக அவர் கடையில் பொத்தான் துளை போடும் பெண்மணி. செய்கிற வேலையே பெயராக ஒட்டிக்கொண்டது.

"அப்படி ஒண்ணும் தெரியலையே மாஸ்டர். டேப் வச்சுப் பாத்துடலாமே?"

"டேப்பு இழுத்த இழுப்புக்கு வரும். நான் வெட்டுன துணி வராது. எதை நம்பணும்னு எனக்குத் தெரியும், நீ காஜாவைப் போடு."

அடுத்த வாரமே, புதுத் தையல் மிஷினுக்கென்று சேர்த்து வைத்ததை எடுத்துக்கொண்டு டாக்டர் முன்னால் போய் உட்கார்ந்தார். டாக்டர் அவர் வயிற்றை இரண்டு விரலால் கிள்ளிப் பார்த்தார்.

"உங்களுக்கு ஆபரேஷன் அவசியமே இல்லையே. தினமும் நடங்க. ஆறு மாசத்துல தானா குறையும்."

"ஆறு மாசம் எங்க டாக்டர்? எனக்கு ரெண்டு மாசம்தான் இருக்கு."

டாக்டருக்கு முகம் மாறிவிட்டது. குரலைத் தாழ்த்தி, "யார் சொன்னது?" என்றார்.

"சங்கத்துலேர்ந்து லெட்டர் வந்திருக்கு."

இப்படித்தான் ஆபரேஷன் முடிவானது. வீட்டில், வெளியூர்ப் பள்ளிக்கூடத்தில் சீருடை அளவெடுக்கப் போகிறேன், மூன்று நாள் ஆகும் என்று சொல்லிவிட்டுப் போனார். திரும்பி வந்தவர் துணி மூட்டையைத் தூக்கும்போது இடுப்பு பிடித்துக்கொண்டது என்றார். அதற்கப்புறம் பட்டபாடு அவருக்குத்தான் தெரியும். வயிற்றைக் கழற்றி, துவைத்து, பிழிந்து, காய்வதற்குள் மறுபடி மாட்டிவிட்டது போல இருந்தது. தொப்புளிலிருந்து தொடை வரை ஊதாவும் பச்சையும் மஞ்சளுமாக, கடையில் இல்லாத ஷேடெல்லாம் இருந்தன. அதற்கு மேல், மார்பிலிருந்து தொடை வரை இறுக்கிப் பிடிக்கும் தோல் நிற உடை ஒன்று. முன்பக்கம் வரிசையாக முப்பத்தாறு கொக்கி. ஆறு வாரத்துக்குக் கழற்றக்கூடாது, குளிக்கிற நேரம் மட்டும் விதிவிலக்கு என்று நர்ஸ் சொல்லி அனுப்பியிருந்தாள்.

தும்மலைக் கேட்ட மனைவி சும்மா இருப்பாளா? பள்ளிக்கூடத்தில் பி.டி. வாத்தியாராக இருக்கும் தன் தம்பிக்குப் போன் போட்டாள். அவன் பத்தாவது நிமிடம் விசிலைக் கழுத்தில் மாட்டியபடியே வந்து நின்றான்.

"மாமா, இடுப்புப் பிடிப்புக்குப் படுக்கவே கூடாது. எந்திரிங்க. குனிஞ்சு கால் கட்டை விரலைத் தொடுங்க."

"டேய் மச்சான், அது இங்கேர்ந்து கண்ணுக்கே சரியாத் தெரியல. அதை எங்க தொடுறது?"

"பயப்படாதீங்க மாமா, நான் பின்னாலேர்ந்து பிடிச்சுக்கிறேன்."

பின்னாலிருந்து பிடித்தான். பிடித்த இடம் நேராக ஊதா நிறப் பகுதி. மாஸ்டருக்குக் கண்ணில் பூச்சி பறந்தது. வாயில் வந்த வார்த்தையைப் பக்கத்து அறையில் மனைவி இருப்பதை நினைத்து விழுங்கினார்.

வலியை மறக்கடிக்கிறேன் பேர்வழி என்று மச்சான் வேடிக்கைக் கதை சொல்ல ஆரம்பித்ததுதான் அதைவிடக் கொடுமை. சிரித்தால் உயிர் போகும் என்பது அவனுக்குத் தெரியாது.

"மாமா, உங்க பையன் இன்டர்வியூவுக்கு ஒரு கோட்டு கேட்டப்போ நீங்க மூணு வாரம் டைம் கேட்டீங்களாமே? இன்டர்வியூ மறுநாளாம்ல?"

"நல்ல கோட்டுக்கு மூணு வாரம் ஆகும்டா. எதிர்க்கடையில ரெடிமேட் வாங்கிக்கிறேன்னான். இந்த வீட்டுக்குள்ள ரெடிமேட் வந்தா நான் வெளிய போயிடுவேன்னேன்."

"அப்புறம் எதைப் போட்டுக்கிட்டுப் போனான்? உங்க டேப்பைக் கழுத்துல போட்டுக்கிட்டா?"

மாஸ்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஐயோ... சிநேகிதன்கிட்ட... ஐயையோ... இரவல் வாங்கிட்டுப் போனான்டா... சிரிக்க வைக்காதடா!"

"போதும்டா பேச்சு. கிளம்பு, ஸ்கூலுக்கு நேரமாகுது," என்று மனைவி தம்பியைக் கிட்டத்தட்டத் தள்ளிக்கொண்டு போனாள். அவள் எதற்கு அவ்வளவு அவசரப்பட்டாள் என்று யோசிக்கும் நிலையில் மாஸ்டர் இல்லை.

ஆறாம் நாள், மனைவி கடைக்குப் போன சமயம் பார்த்து கோட்டை எடுத்துப் போட்டார். ஆசையாகப் பொத்தானை இழுத்தார். இப்போது இடைவெளி ஆறு இஞ்ச்.

ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டார்.

"சிஸ்டர், கொழுப்பை எடுத்தீங்களா, இல்ல யாரோடதையாவது உள்ள வச்சுட்டீங்களா?"

"அது வீக்கம் சார். போகப் போக வத்திடும். பொறுமையா இருங்க."

"எத்தனை நாள்?"

"ஆறு வாரம். அந்த டிரெஸ்ஸைக் கழட்டாம இருங்க, அது போதும்."

பொறுமையாக இருக்கிறவர் ஆபரேஷனுக்கே போயிருக்க மாட்டார். அந்தத் தோல் நிற உடையைக் கழற்றி விரித்துப் பார்த்தார். முதல் பார்வையிலேயே மட்டமான வெட்டு என்று தோன்றியது. இவ்வளவு தாராளமாக வெட்டினால் வீக்கம் எப்படி வற்றும்? வீட்டில் இருந்த பழைய மிஷினில் உட்கார்ந்து, ஒவ்வொரு பக்கமும் ஒரு இஞ்ச் உள்ளே பிடித்து, இரட்டைத் தையல் போட்டு, ஓரம் அடித்து மாட்டிக்கொண்டார். கொக்கிகளை மாட்ட முக்கால் மணி நேரம் ஆனது. கடைசிக் கொக்கி மாட்டியபோது வியர்த்துக் கொட்டியது, ஆனால் மனசுக்குத் திருப்தியாக இருந்தது.

வீக்கம் வயிற்றிலிருந்து போய்விட்டது. எங்கே போவது என்று பார்த்து நேராகத் தொடைக்கு இறங்கிவிட்டது. இரண்டு நாளில் ஒரு பேன்ட்டும் முழங்காலுக்கு மேல் ஏறவில்லை. பயந்துபோய் லுங்கியோடு ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினார்.

நர்ஸ் உடையைக் கழற்றித் திருப்பிப் பார்த்தாள். கண்ணை விரித்தாள்.

"யார் சார் இதைத் தைச்சது?"

"நான்தான்," என்றார் மாஸ்டர். பெருமையை அடக்க முடியாமல், "தையல் எப்படி?" என்று கேட்டும் விட்டார்.

நர்ஸ் பதில் சொல்லவில்லை. டாக்டரைக் கூட்டிவந்தாள். டாக்டர் நிறையப் பதில் சொன்னார். மாஸ்டர் அங்கேயே, ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து, கடன் வாங்கிய கத்தரிக்கோலால் தன் தையலைத் தானே பிரித்தார். ரத்தக்கட்டைவிட அதுதான் அவருக்கு வேதனையாக இருந்தது.

பத்தாம் நாள் கடைக்குப் போனார். நிமிரவும் முடியவில்லை, குனியவும் முடியவில்லை, நடுவில் ஓர் இடத்தில் நின்றுவிட்டார். உள்ளே வந்த வாடிக்கையாளர் ஒருவர் கோட்டு தாமதம் என்று சண்டை போட வந்தவர். மாஸ்டர் முன்பக்கம் சாய்ந்து நிற்பதைப் பார்த்ததும் பதறிப்போனார்.

"சேச்சே, என்ன மாஸ்டர், பெரியவங்க நீங்க, இதுக்குப் போய்க் கும்பிட்டுக்கிட்டு! மெதுவாவே தைங்க," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அது லாபம்தான். ஆனால் பேன்ட் அளவெடுக்க என்ன செய்வது? கால் அளவுக்குக் குனிந்தாக வேண்டும். மாஸ்டர் ஒரு வழி கண்டுபிடித்தார். வாடிக்கையாளர்களைக் கட்டிங் டேபிள் மேல் ஏறி நிற்கச் சொன்னார். பாங்க் மேனேஜர் ஒருவர் ஏறும்போது மின்விசிறியில் தலை தட்டாமல் தப்பியது அதிர்ஷ்டம். தெருவில் போகிறவர்கள் நின்று, கடைக்குள் பொம்மை வைத்திருக்கிறார்களா ஆளா என்று பார்த்துவிட்டுப் போனார்கள்.

"மாஸ்டர், இடுப்புல இவ்வளவு நாளா வலிக்குமா?" காஜா ஊசியிலிருந்து கண்ணெடுக்காமல் கேட்டாள்.

"நீ உன் வேலையைப் பாரு. இந்த நூலெல்லாம் என்ன இப்படித் தொங்குது? என் பரிசுக் கோட்டுத் தையலை ஒரு நாள் பாக்கணும் நீ. இருபத்திரண்டு வருஷம் ஆச்சு, நேத்துப் போட்ட மாதிரி இருக்கு. தையல்னா அது. நீயும்தான் தைக்கிற!"

காஜாவுக்குத் திடீரென்று இருமல் வந்துவிட்டது. தண்ணீர் குடிக்க எழுந்து போனவள் வெகுநேரம் திரும்பி வரவில்லை.

நாலாவது வாரம் வீட்டில் வெடித்தது. மாஸ்டர் குளித்துவிட்டு வருவதற்குள், குளியலறைக்கு வெளியே கொடியில் தொங்கிய தோல் நிற உடை மனைவி கையில் இருந்தது.

"இது யாருது?"

"எது?"

"இதோ. கொக்கியெல்லாம் வச்சு, உடம்போட ஒட்டுற மாதிரி. எந்தப் பொம்பளையோடது?"

"அது... ஆர்டர். ஒருத்தர் தைக்கக் கொடுத்தாரு."

"யாரு? எந்த அளவு?" அவள் அதைத் தூக்கி அவர் உடம்போடு வைத்துப் பார்த்தாள். அச்சாகப் பொருந்தியது. அவள் குரல் உடைந்தது. "வெளியூருக்குப் போயிட்டு வந்ததுலேர்ந்து நீங்க நீங்களா இல்ல. கிட்ட வந்தா நகர்ந்து போறீங்க. கட்டிலோட ஓரத்துல படுக்கிறீங்க. நான் என்ன தப்புப் பண்ணேன்?"

அவள் அழுவதைப் பார்த்ததும் மாஸ்டருக்கு நிஜமாகவே நெஞ்சு வலித்தது. எல்லாவற்றையும் சொல்லிவிடலாமா என்று வாயைத் திறந்தார். மேடையும் முதல் வரிசையும் கண்முன் வந்தன. விழா முடியட்டும் என்று பாதியை மட்டும் சொன்னார்.

"அழாதம்மா. அது எனக்குத்தான். இடுப்புக்கு டாக்டர் கொடுத்த பெல்ட். பொம்பளைச் சட்டை மாதிரி இருக்கேன்னு வெக்கப்பட்டு மறைச்சேன்."

மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு அவரை ஏற இறங்கப் பார்த்தாள். அப்புறம் சிரித்தாள். அப்புறம் என்ன நினைத்தாளோ, தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"ஏங்க... விழாவுக்கு அந்தக் கோட்டுதானே? எடுத்துப் போட்டுப் பாத்தீங்களா?"

"இல்லையே," என்றார் மாஸ்டர், பட்டென்று. "அதை எதுக்குப் போட்டுப் பாக்கணும்? என் அளவு எனக்குத் தெரியாதா?"

அவள் முகத்தில் நிம்மதி பரவியது. "அதானே. நீங்க அதைத் தொடவே வேண்டாம். நானே லாண்டரியில கொடுத்து, இஸ்திரி போட்டு, விழா அன்னைக்குக் காலையில கையில தரேன்."

மாஸ்டருக்கும் அதுதான் வேண்டியிருந்தது. இனி அந்தப் பொத்தானோடு மல்லுக்கட்டத் தெம்பில்லை. வலி குறைந்து, ஊதா மஞ்சளாகி, மஞ்சள் மறைந்து, வயிறு தட்டையாகிக்கொண்டு வந்ததைக் கண்ணாடியில் பார்த்துப் பார்த்து மகிழ்ந்தார். தும்மினார், ஒன்றும் ஆகவில்லை. வேண்டுமென்றே இன்னொரு தடவை தும்மிப் பார்த்தார்.

விழா நாள் வந்தது. காலையில் மனைவி கோட்டை உறையோடு கொண்டுவந்து கட்டிலில் வைத்துவிட்டு, கதவோரம் போய் நின்றுகொண்டு நகத்தைக் கடித்தாள்.

மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டு போட்டார். நடுப் பொத்தானைத் தடவிப் பிடித்தார். அது தானாகவே போய் மாட்டிக்கொண்டது.

"மாட்டிருச்சு!" என்று கத்தினார். சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. பட்ட வலி, சொன்ன பொய், செலவழித்தது எல்லாம் வீண் போகவில்லை. கண்ணைத் திறந்து கண்ணாடியைப் பார்த்தார்.

பொத்தான் மாட்டியிருந்தது. ஆனால் கோட்டு அவர் மேல் இல்லை, அவரைச் சுற்றி இருந்தது. பொத்தானுக்குப் பின்னால் இன்னொரு ஆள் குடியிருக்கலாம் போலத் தொளதொளவென்று தொங்கியது.

"உடம்பு ரொம்ப எளைச்சுப் போச்சேங்க உங்களுக்கு," என்றாள் மனைவி, உண்மையான கவலையோடு. "பாழாப் போன இடுப்பு வலி."

மாஸ்டர் மனசுக்குள் டாக்டரைப் பாராட்டினார். அளவுக்கு மீறியே எடுத்துவிட்டார், கெட்டிக்காரர்! மாட்டாத கோட்டை மாட்ட வைக்கத்தான் வழியில்லை, தொளதொளப்பைச் சரிசெய்ய என்ன கஷ்டம்? விழா சாயங்காலம்தான். கோட்டைக் கையில் போட்டுக்கொண்டு கடைக்கு நடந்தார். வழியில் எதிர்க்கடைக்காரரைப் பார்த்து நிமிர்ந்து ஒரு வணக்கம் வைத்தார்.

காஜா தனியாக உட்கார்ந்து பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள்.

"காஜா, எல்லா வேலையையும் தள்ளி வை. இந்தக் கோட்டுல நாலு இஞ்ச் உள்ள பிடிக்கணும். அதுல நானே திரும்ப ஊசி போட எனக்கு மனசு வரல, நீயே போடு. நான் அளவு சொல்றேன், சாக்பீஸை எடு."

காஜா கோட்டை வாங்கி உள்பக்கம் திருப்பினாள். பக்கத் தையலில் விரலை ஓட்டினாள். சிரிப்பை அடக்கியதில் அவள் தோள் குலுங்கியது.

"அளவெல்லாம் வேண்டாம் மாஸ்டர். பழைய கோடு அப்படியே இருக்கு, அதுமேலயே ஓட்டிடுறேன்."

"பழைய கோடா? எந்தப் பழைய கோடு?"

காஜா வாசலை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"அக்காகிட்ட நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க மாஸ்டர்... உங்க பையன் இன்டர்வியூவுக்குப் போறப்போ அவன் அளவுக்கு இந்தக் கோட்டுல நாலு இஞ்ச் உள்ள பிடிச்சுக் கொடுத்ததும் நான்தான், போன வாரம் மறுபடியும் உங்க பழைய அளவுக்கே பிரிச்சு விட்டதும் நான்தான்!"